ஐஸ் போட்டு வளர்த்த புறொக்கோலி

மன்னார்த் தீவில் கீரி என்கிற கடற்கரை ஊரில் எமிலியானுசைத் தெரியாத ஆள் இல்லை. தெரிந்து என்ன பிரயோசனம் என்று கேட்டால் அதுக்குத்தான் பதில் இல்லை. முப்பது வருசம் கடலுக்குப் போன மனுசன். முழங்கால் இரண்டும் சொல்வழி கேளாமல் போனபிறகு படகை விற்றுப்போட்டுக் கரையேறினார். கரையேறினவர் மற்றவர்கள் மாதிரி கிழிந்த வலை பொத்திக்கொண்டு, பின்னேரத்தில் காட்ஸ் விளையாடிக்கொண்டு இருந்திருந்தால் ஊருக்கும் நிம்மதி, பெண்சாதிக்கும் நிம்மதி. இவருக்கு அது சரிவராது. மற்றவன் செய்யாததைச் செய்யவேணும். செய்ய முன்னமே அதைப் பற்றி ஊர் முழுக்கக் கதைக்கவும் வேணும்.

படகு இருந்த காலத்திலும் அப்படித்தான். ஊரெல்லாம் படகுக்கு நீலம் அடித்தால் இவர் கடும் சிவப்பு அடித்தார். ஆரிது புது ஆள் என்று நேவிக்காரர் இரண்டு தரம் மறித்து விசாரித்தபிறகு, சத்தமில்லாமல் திரும்ப நீலம் அடித்தார். கேட்டவர்களுக்கு, "சிவப்புக்கு மீன் மிரளுது" என்றார். தன்னில் பிழை என்ற சொல் அந்த வாயால் ஒருநாளும் வந்ததில்லை.

கீரியின் வேதக் கோயிலுக்குப் பின்னால் கோயில் காணி கிடக்கிறது. கடற்கரை வீடுகளின் வளவில் மணலும் உப்புத் தண்ணியும்தான். அதில் தென்னையைத் தவிர வேறொன்றும் எழும்பாது. அதனால் கோயில் காணியைத் துண்டு துண்டாக வரம்பு கட்டி, மண் இல்லாத குடும்பங்களுக்குத் தோட்டம் செய்யக் கொடுத்திருந்தார்கள். நல்ல தண்ணிக் கிணறும் அதுக்குள்ளேயே இருக்கிறது. வாடகை கிடையாது. ஒரேயொரு சட்டம்தான். தைப்பொங்கல் பூசைக்கு ஒவ்வொரு துண்டிலும் விளைந்ததில் முதல் பங்கு பீடத்துக்கு முன்னால் வரவேண்டும். ஒரு பிடி மிளகாய் என்றாலும் காணும். வெறுங்கையோடு நிற்கிறவர் துண்டை விட்டு விலகவேண்டும், காத்திருக்கிற அடுத்த ஆளுக்கு அது போய்விடும். பொங்கலுக்கு முதல் நாள் ஃபாதரும் கோயில் மூப்பரும் வரம்பு வரம்பாக நடந்து பார்ப்பார்கள்.

கிணற்றுக்குப் பக்கத்துத் துண்டு எமிலியானுசின் பேரில் இருந்தது. பேர் மட்டும்தான் அவருடையது. தண்ணி ஊத்தினது, புல்லுப் பிடுங்கினது, புழு நசுக்கினது எல்லாம் பெண்சாதி அன்ரோனெற். கத்தரி, பச்சைமிளகாய், வேலியோரத்தில் கொஞ்சம் பயித்தங்காய். கடலிலிருந்து வீட்டுக்கு மீன் வருவது நின்றபிறகு அந்த வீட்டுக் கறிச்சட்டி அந்தத் துண்டை நம்பித்தான் அடுப்பில் ஏறியது.

இதுக்குள்தான் லண்டன் வந்து விழுந்தது.

அன்ரோனெற்றின் தமையன் அலெக்ஸாண்டர் இங்கிலாந்தில் இருக்கிறார். அங்கே கவுன்சில்காரர் ஆளுக்கொரு துண்டு நிலம் தோட்டம் செய்ய விடுவார்களாம். அவரும் ஒன்று எடுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் படத்தோடு கதைக்கிறபோது கம்பளித் தொப்பியோடு அந்தத் துண்டுக்குள் நின்றுகொண்டு, பச்சைக் குடை விரித்த மாதிரி ஒரு சாமானைத் தூக்கித் தூக்கிக் காட்டுவார்.

"பாத்தியே மச்சான், புறொக்கோலி. என்ர கையால நட்டது. இஞ்ச டொக்டர்மார் இதைத்தான் சாப்பிடச் சொல்லுறாங்கள்."

எமிலியானுசுக்கு அன்றைக்கே நெஞ்சுக்குள் ஏதோ ஊரத் தொடங்கிவிட்டது. "உங்கயும் துண்டு, எங்களுக்கும் துண்டு. உங்கயும் மண், இஞ்சயும் மண். ஏன் இஞ்ச வராது?" என்று கேட்டார்.

அலெக்ஸாண்டர் அங்கே பதினைந்து வருசமாகக் குளிரில் கிடந்து மன்னார் வெயிலை மறந்துபோன ஆள். "வரும் மச்சான், ஏன் வராது!" என்றார். ஆவணியில் மடு மாதா திருவிழாவுக்கு லண்டனிலிருந்து வந்த ஒருவரிடம் விதையைக் கொடுத்துவிட்டார். டொபிப் பைக்குள் சுருட்டி வந்த விதை. அதைக் கண்ட எமிலியானுஸ் கோயில் திருப்பண்டத்தை வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் வாங்கினார்.

முதல் மழை விழுந்த கையோடு காய்த்துக்கொண்டு நின்ற கத்தரி முழுவதையும் பிடுங்கி வரம்பில் போட்டார். மிளகாயையும் பயித்தங்கொடியையும் விடவில்லை. அன்ரோனெற் தண்ணி வாளியோடு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இஞ்சேருங்கோ, உங்களுக்கு என்ன பிடிச்சது? பூவும் பிஞ்சுமா நிண்டதை ஆராவது பிடுங்குவினமோ?"

"கத்தரிக்காய் எவனும் நடுவான்."

"எவனும் நடுறதைத்தான் எவனும் தின்னுறான். நாளைக்கு நான் எதைச் சட்டியில போடுறது, உங்கட தலையையோ?"

"மூண்டு மாதம் பொறு. பொங்கலுக்குப் பீடத்தில புறொக்கோலி வைக்கிற முதல் ஆள் நான்தான். மன்னார்த் தீவிலயே முதல் ஆள்."

"வைக்காட்டித் துண்டு போயிடும், தெரியுமெல்லே?"

"வைக்காட்டித்தானே," என்றார் எமிலியானுஸ். அதோடு அந்தக் கதை முடிந்தது. அவரைப் பொறுத்தவரையில் முடிந்தது.

ஊருக்கு விளம்பரம் செய்கிற வேலையைக் கடற்கரையில் ஜமால்தீன் நானாவின் மீன் வாடியில் தொடங்கினார். ஜமால்தீன் மீன் வாங்கி ஐஸ் அடித்துக் கொழும்புக்கு ஏற்றுகிற ஆள். காது கொஞ்சம் மந்தம்.

"நானா, கோயில் துண்டில புறொக்கோலி போட்டிருக்கிறன்."

"என்னது, புறொயிலர் கோழியா? கோயில் காணிக்குள்ள கோழி வளக்க ஃபாதர் விடுவாரா?"

"கோழியில்லை நானா, கோலி! புறொக்கோலி! மரக்கறி!"

நானாவுக்கு விளங்கியது. பக்கத்தில் மீன் பொறுக்கிக்கொண்டு நின்றவர்கள் விளங்கியும் வேண்டுமென்றே விளங்காத மாதிரி நடித்தார்கள். அன்று பின்னேரத்துக்குள் கீரி முழுவதும் எமிலியானுஸ் கோழி வளர்க்கிறார் என்ற கதைதான். கோயில் துண்டுக்காகக் காத்திருக்கிற ஆள்களில் முதல் ஆள் பூமணி. புருசன் இல்லாதவள், பாலர் பள்ளியில் சமைக்கிறவள், வளவில் முருங்கை கூடப் பிடிக்காத மணலில் குடியிருக்கிறவள். கிணற்றில் தண்ணி அள்ள வருகிற நேரமெல்லாம் வரம்பில் நின்று கேட்பாள்:

"எமிலியண்ணை, புறொயிலர் முட்டை போட்டுதோ?"

"உனக்கு விளங்காது, போ."

"விளங்கேல்லைத்தான் அண்ணை. துண்டு எவ்வளவு நீளமெண்டு மட்டும் விளங்குது. நான் பொங்கலுக்குப் பிறகு வெண்டி போடுவமெண்டு இருக்கிறன்."

செடிக்குச் சாப்பாடு வேண்டுமே. மீன்காரனுக்குத் தெரிந்த உரம் மீன்தான். வாடியில் வெட்டிக் கழிக்கிற குடல், செதிள், தலை எல்லாவற்றையும் ஒரு பீப்பாப் பரலில் ஊறவைத்து, மூக்கைப் பொத்திக்கொண்டு ஊத்தினார். செடி குடித்துக் குடித்து எழும்பியது. ஒவ்வொரு இலையும் யானைக் காது. எமிலியானுஸ் அதுக்கு நடுவில் நின்று படம் எடுத்து லண்டனுக்கு அனுப்பினார். இலை மட்டும் அகன்றுகொண்டே போனது. நடுவில் பூ கட்டவேண்டிய இடத்தில் இன்னொரு இலை. அதுக்கு நடுவில் அதைவிடச் சின்ன இலை.

மார்கழி பிறந்துவிட்டது. அன்ரோனெற் ஒவ்வொரு காலையும் குனிந்து பார்ப்பாள், நிமிர்ந்து புருசனைப் பார்ப்பாள், ஒன்றும் சொல்லமாட்டாள். அவள் ஏசினால் எமிலியானுஸ் தாங்குவார். சும்மா இருந்தால்தான் பயம்.

விவசாயக் கந்தோரிலிருந்து நிறஞ்சலா என்ற இளம் அதிகாரி வந்து பார்த்தாள். இலையைத் தடவினாள், பரலை மணந்து முகத்தைத் திருப்பினாள்.

"ஐயா, மீன் பசளை கூடிப்போச்சு. அதுதான் எல்லாம் இலையாப் போகுது. மற்றது, இது குளிருக்கு வாற பயிர். நுவரெலியாப் பக்கம்தான் செய்யிறவை. உங்கட விதையும் இந்த வெக்கைக்குரிய இனம் இல்லைப் போல."

"பிள்ளை, நீர் லண்டன் பாத்தனீரோ?"

"இல்லை ஐயா."

"அப்ப எப்பிடிச் சொல்லுறீர்?"

லண்டன் அவரும் பார்த்ததில்லை. தலைமன்னார்த் துறைக்கு அப்பால் கடலில் போனதைத் தவிர வெளிநாட்டுத் திசையில் கால் வைத்த மனுசனில்லை. ஆனால் அவருடைய மச்சான் லண்டனில் இருக்கிறார். அது அரைவாசி லண்டன் பார்த்த மாதிரி. நிறஞ்சலா, பசளையையாவது நிப்பாட்டச் சொல்லிப்போட்டு மோட்டச்சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அடுத்த நாள் எமிலியானுஸ் இரண்டு வாளி கூட ஊத்தினார்.

இதுக்கிடையில் இன்னொரு வில்லங்கம். அடியிலிருந்து இலைகள் காணாமல் போகத் தொடங்கின. ஒரு செடியில் இரண்டு, இன்னொன்றில் மூன்று. எமிலியானுஸ் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து பரிசோதித்தார். காம்பு நறுக்கென்று, ஒரு பிசிறில்லாமல் போயிருந்தது.

"கழுதை," என்றார்.

மன்னார்த் தெருவெல்லாம் கட்டாக்காலிக் கழுதைகள், அங்கே எது காணாமல் போனாலும் முதலில் கழுதையைச் சொல்லலாம். அதுகளுக்கு மறுப்புச் சொல்ல ஆளில்லை. பழைய வலையெல்லாவற்றையும் இழுத்து வந்து துண்டைச் சுற்றிக் கட்டினார். கழுதைகள் வெளியே நின்று வலையைப் பார்த்தன. இலைகள் உள்ளே தொடர்ந்து காணாமல் போயின.

மத்தியானத்தில் களைத்துப்போய் வீட்டுக்கு வந்து கதிரையில் இருப்பார். சோறு, சொதி, பக்கத்தில் தேங்காய்ப்பூப் போட்டு வறுத்த பச்சை வறை.

"இது என்ன கீரை? நல்லாயிருக்கு."

"சந்தையில வாங்கினது," என்பாள் அன்ரோனெற், அகப்பையைக் கழுவிக்கொண்டு.

"இன்னும் கொஞ்சம் போடு. இப்பிடி ஒண்டு நட்டாலும் பிரயோசனம் இருக்கும்."

"ஓமோம்."

பொங்கல் கிட்டக் கிட்ட எமிலியானுஸ் ஒரு நாளைக்கு மூன்று தரம் துண்டுக்குப் போய் இலையை விலக்கிப் பார்த்தார். வாய் மட்டும் குறையவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அலெக்ஸாண்டரைப் பிடித்து, "என்னடாப்பா, இலைதான் வருது, பூவைக் காணேல்லை," என்று முதல் தரமாகக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"பனி போதாது மச்சான். எங்களுக்கு இஞ்ச பனி விழுந்தாப் பிறகுதான் இது உசாராகுது. பனி பட்டாத்தான் ருசியும்."

"இஞ்சயும் பனி விழுகுதுதானே. விடியக்காலமை தலைக்குத் துவாய் கட்டாமல் வெளிக்கிட ஏலாது."

"அது உங்கட பனி மச்சான், வெறும் ஈரம். நான் சொல்லுறது இந்தப் பனி." அலெக்ஸாண்டர் போனைக் குனித்துக் காட்டினார். மண்ணெல்லாம் வெள்ளையாய் உறைந்து கிடந்தது. சப்பாத்தால் மிதித்தார், நொறுக்கென்று சத்தம் கேட்டது. "பாத்தியே? ஐஸ்!"

எமிலியானுசின் முகம் விரிந்தது. ஐஸ் என்றால் கடற்கரையில் என்ன பஞ்சம்?

ஜமால்தீன் நானாவின் வாடிக்குப் போய் நேரே கேட்டார். நானா முதலில் தன் காதில்தான் பிழை என்று நினைத்தார்.

"செடிக்கா? ஐஸா?"

"ஓம் நானா. லண்டன் முறை."

"எமிலி, மீனுக்கு ஐஸ் போடுறது அது பழுதாகாம இருக்க. ஆனா மீன் செத்துப்போன பொறகுதான் போடுறோம். உசிரோட இருக்கிறதுக்குப் போட்டு நான் பாத்ததில்ல."

"நீங்க தாங்கோ நானா, நான் பாத்துக்கொள்ளுறன்."

நல்ல ஐசை யார் கொடுப்பார்? வெள்ளை றெஜிபோம் நுரைப் பெட்டிகளின் அடியில், மீன் எடுத்தபிறகு மிஞ்சிக் கிடக்கிற சிவந்த ஐசை அள்ளிக் கொடுத்தார். உப்புத் தண்ணியும் மீன் இரத்தமும் கலந்த ஐஸ். எமிலியானுஸ் அதைச் சைக்கிளில் கட்டி வந்து ஒவ்வொரு செடியின் அடியிலும் வட்டமாக வைத்து, ஈரச் சாக்கால் மூடினார். பின்னேரங்களில் இதுதான் வேலை. நாள்தோறும் விடிய வந்து பார்த்தால் கீரியிலுள்ள பூனை முழுவதும் சாக்கின் மேல் மாநாடு நடத்திக்கொண்டிருந்தது. வலையில் காகம் வரிசைக்கு இருந்தது. பூசைக்கு வந்த சனம் ஜன்னலைச் சாத்தச் சொல்லிக் கோயில் வேலை பார்க்கிற சங்கிலித்தாமுக்குச் சைகை காட்டியது.

"எமிலியண்ணை," என்றாள் பூமணி, மூக்கில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு, "கோழி செத்துப்போச்சோ? பிரேதத்துக்கு ஐஸ் வைச்சிருக்கிறியள்?"

எமிலியானுஸ் சிரித்துக்கொண்டு சாக்கை இழுத்துச் சரிசெய்தார். அவருக்குள் பெருமை பொங்கிக்கொண்டிருந்தது. ஏனென்றால் அன்று காலை, ஒரு செடியின் நடுவில், பச்சையாக, உருண்டையாக, அது வந்திருந்தது. பூ! அடுத்த செடியிலும். அதுக்கடுத்ததிலும். எல்லாம் சேட்டுப் பொத்தான் அளவு.

உடனே லண்டனுக்குப் போன் போட்டுக் கமராவைக் கிட்டக் கொண்டுபோனார். அலெக்ஸாண்டர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"என்ன மச்சான் அது, மிளகோ?"

"புறொக்கோலி! கட்டுது! இன்னும் பத்து நாளில பார், உன்ர தொப்பியளவு வரும்."

வரப்போவதில்லை. உப்பிலும் குளிரிலும் மூச்சுத் திணறின செடி, தன் காலம் முடிந்துபோச்சு என்று பயந்து கடைசிக்கு ஒரு பொத்தானைப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். மழை விட்டு வெயில் ஏறினது. நானாவுக்கும் மீன் வரத்துக் கூடி மிச்ச ஐஸ் இல்லாமல் போனது. பொத்தான்கள் வீங்கவில்லை. வாய் திறந்தன. கண்ணுக்கு முன்னால் தண்டு நீண்டு, கிளை வைத்து, பொங்கலுக்கு முதல் நாள் காலையில் துண்டு முழுக்க மஞ்சள் பூ காற்றில் ஆடிக்கொண்டு நின்றது. தேனீ வேறு.

அன்று பின்னேரம் ஃபாதர் வந்தார். பக்கத்தில் மூப்பர் பாலசிங்கம், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. ஒவ்வொரு துண்டாகப் பார்த்து, நல்லது நல்லது என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள் கிணற்றடித் துண்டில் நின்றுவிட்டார்கள். எமிலியானுஸ் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு வரம்பில் நின்றார். கிணற்றுக் கட்டில் வாளியோடு பூமணி. அன்ரோனெற் கொஞ்சம் தள்ளி.

"எமிலியானுஸ், இது என்ன?"

"புறொக்கோலி, ஃபாதர்."

"நான் றோமில படிக்கேக்க சாப்பிட்டிருக்கிறன். இப்பிடி இருக்கேல்லையே."

"இது லண்டன் இனம் ஃபாதர். கொஞ்சம் பிந்தித்தான் கட்டும்."

"நாளைக்குப் பொங்கல்," என்றார் மூப்பர். "நாளைக்குள்ள கட்டுமோ?"

எமிலியானுஸ் வானத்தைப் பார்த்தார்.

"பூவைப் பீடத்தில வையுங்கோவன் மூப்பர்," என்றாள் பூமணி. "பூசைக்குப் பூவும் தேவைதானே."

மூப்பர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தொண்டையைச் செருமினார். "சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான், எமிலி. நான் இப்ப உனக்காக வளைஞ்சால் நாளைக்கு எல்லாரும் பூவைக் காட்டுவினம். விளையேல்லையெண்டால் துண்டு பூமணிக்கு."

"விளைஞ்சிருக்கு ஃபாதர்," என்றாள் அன்ரோனெற்.

எல்லாரும் திரும்பினார்கள். எமிலியானுசும் திரும்பினார்.

"எங்கை?"

"இந்தா, இலை. ஒரு மாதமா எங்கட வீட்டில இதுதான் கறி. கத்தரியைப் பிடுங்கினால் நான் வேற என்ன செய்யிறது? அடி இலையாப் பாத்து வெட்டிக்கொண்டு போய் வறுத்தனான். இவரும் சாப்பிட்டவர். ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர்."

எமிலியானுஸ் கழுதைகளுக்காகக் கட்டின வலையை ஒருக்கால் பார்த்தார். கிணற்றடியில் தண்ணி அள்ள வந்த ஆரோ சிரிக்கத் தொடங்கி இருமலாக மாற்றினார்கள்.

மூப்பர் பாலசிங்கம் முந்திக் கூட்டுறவுச் சங்கத்தில் இருந்த ஆள். எதையும் இரண்டாக உடைத்துத்தான் பார்ப்பார். "அப்ப கதை இப்பிடி ஃபாதர். இது புறொக்கோலியெண்டால் விளையேல்லை. கீரையெண்டால் விளைஞ்சிருக்கு. துண்டு எமிலியின்ர பேரில. நட்டவர்தான் என்ன நட்டவரெண்டு சொல்லவேணும்."

"ஏன் மூப்பர், மூண்டு மாதமா ஊருக்கெல்லாம் சொன்னவர்தானே!" என்றாள் பூமணி. அவள் குரலில் இப்போது பகிடி இல்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டாள். பாவம், அவளுக்கும் ஒரு கறிச்சட்டி இருக்கிறது.

எமிலியானுஸ் நின்றார். வாடியில் சொன்னது, கோயில் வாசலில் சொன்னது, லண்டனுக்கு அனுப்பின படங்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தன. மன்னார்த் தீவில் முதல் ஆள். ஒரு சொல் சொன்னால் அது அவ்வளவும் போச்சு. சொல்லாவிட்டால் துண்டு போச்சு. பெண்சாதியைப் பார்த்தார். அவள் கெஞ்சியிருந்தால் முறைத்துக்கொண்டு மறுத்திருப்பார், அது அவருடைய சுபாவம். அவள் கெஞ்சவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, இந்த மனுசன் தன்னை இன்னும் எந்தக் கிடங்குக்குள் தள்ளப்போகிறான் என்று பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கீரை," என்றார்.

"என்ன?" என்றார் ஃபாதர்.

"கீரைதான் ஃபாதர்."

"என்ன கீரை? நாளைக்குப் பூசையில ஒவ்வொரு துண்டின்ர காணிக்கையையும் பேர் சொல்லி வாசிக்கவேணும்."

எமிலியானுஸ் சுற்றவரப் பார்த்தார். கோயில், கிணறு, கடற்கரை, ஊர்.

"கீரிக் கீரை."

ஃபாதர் அதை ஒருதரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். மூப்பர் அடக்கி வைத்திருந்த சிரிப்பு அப்போதுதான் வெடித்தது. வேட்டியை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்தார். "எழுதிக்கொள்ளுங்கோ ஃபாதர், கீரிக் கீரை!" துண்டு தப்பியது. பூமணி வாளியைத் தூக்கினாள்.

"சரி, நான் இன்னொரு வருசம் இருக்கிறன். அடுத்த முறை இவர் என்னத்தைப் பிடுங்கிறாரெண்டு பாப்பம்."

ஃபாதரும் மூப்பரும் அடுத்த வரம்புக்கு நகர முன்னமே எமிலியானுஸ் துண்டுக்குள் இறங்கிவிட்டார். மாதக்கணக்காகக் காத்துக்கிடந்த பூவை, தேனீ பறக்கப் பறக்க, ஒவ்வொன்றாக முறித்து எறியத் தொடங்கினார். எறிந்துகொண்டே, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, கடலில் படகுக்குப் படகு கூப்பிடுகிற குரலில் சொன்னார்:

"கீரையில பூ விடக்கூடாது மூப்பர்! பூவை முறிச்சாத்தான் இலை தழைக்கும்! அந்தக் கந்தோர்ப் பிள்ளைக்கு இதொண்டும் தெரியாது!"

அன்ரோனெற் கத்தியை எடுத்துக்கொண்டு வந்தாள். பீடத்துக்கு ஒரு கட்டு, வீட்டுக்கு ஒரு கட்டு வெட்டினாள். பிறகு பூமணி போன திசையைப் பார்த்துவிட்டு மூன்றாவதாக ஒரு கட்டும் வெட்டிக் கட்டினாள். புருசன் அதைக் கண்டார். ஆருக்கு என்று கேட்க வாயெடுத்தார். அவள் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். மனுசன் குனிந்து அடுத்த பூவை முறித்தார்.